வழி கேட்காதவர்

"நிறுத்து" என்றார் அப்பா.

மகள் பேசத் தொடங்கி ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு தாளோடு கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள்.

அவள் உளவியலில் முதுகலை முடிக்கப் போகிறவள். இரண்டு வருஷம் மனித மனத்தைப் படித்தவர்களுக்கு வாயைத் திறக்கக் கற்றுக்கொடுப்பதற்காகக் கல்லூரியில் ஒரு வாரப் பயிற்சி வைத்திருந்தார்கள். எத்தனை பெரிய ஆராய்ச்சியானாலும் மூன்றே நிமிடத்தில், படிப்பாளிச் சொல் ஒன்றுகூட இல்லாமல், ஒரு மனிதரின் கதையாகச் சொல்ல வேண்டும். முதலில் ஐந்து பேரிடம் சொல்லிப் பழக வேண்டும் என்பது பயிற்சியாளரின் கட்டளை. வெள்ளிக்கிழமை மேடை. எதிரில் ஒரு பெரிய மருத்துவமனையின் இயக்குநர் உட்காருவார். ஆராய்ச்சிச் சுருக்கம் அவருக்கு முன்னதாகவே போயிருந்தது. பேச்சும் பிடித்துப்போனால் வேலை நிச்சயம்.

அவள் கதையில் வரும் மனிதர் குடும்பத்தோடு காரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். வழி தவறிவிடுகிறது. யாரையாவது கேட்கச் சொல்கிறாள் மனைவி. எனக்குத் தெரியாத ரோடா என்று அவர் ஒரே பாலத்தை மூன்று தடவை கடக்கிறார். மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கும்போது போய் இறங்கி, நீ கிளம்ப நேரமாக்கியதுதான் காரணம் என்கிறார்.

அப்பா ஓய்வுபெற்ற நில அளவை அதிகாரி. முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர்களுக்கு எல்லை காட்டியவர். அவர் வழி தவறியது வாழ்நாளில் ஒரே தடவை. அதுவும் சாலை போட்டவர்களின் தப்பு.

"அப்பா, மிச்ச ரெண்டு நிமிஷத்தையும் கேளுங்களேன்."

"கேட்ட வரைக்கும் போதும். நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு பேர் இருக்கு. காரை ஸ்கூட்டராக்கு."

ஆக்கினாள். ஆக்கிய கையோடு அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லிக் காட்டினாள். பக்கத்தில் மாமாவும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பத்தாவது நிமிடம் அத்தை அப்பாவை அழைத்தாள்.

"ஏன்டா, அவர் ஸ்கூட்டர்ல அலைஞ்சதை ஊருக்கெல்லாம் சொல்லணுமா? உன்னைத் தவிர யாருக்குடா தெரியும்? மனுஷன் சாப்பிடாம எழுந்து போயிட்டார்."

அக்காவைச் சமாதானம் செய்வதற்குள் அப்பாவுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. உடனே கதையிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துவிட்டு அந்த ஆளை நடக்க வைத்தார். கல்யாணத்தைப் பல் டாக்டராக்கினார். அடையாளம் தெரியாமலிருக்க ஒரு மூக்குக்கண்ணாடியும் மாட்டினார். மகள் அதைப் பக்கத்து வீட்டுத் தலைமையாசிரியரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் பாதியிலேயே தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் அப்பா சொன்ன வணக்கத்துக்குப் பதில் வரவில்லை.

"பேசாம அந்த ஆளைப் பொம்பளையாக்கிடு" என்றார் அப்பா.

அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தாராளமா ஆக்கட்டும். இருபத்தெட்டு வருஷமா வழி கேளுங்க, வழி கேளுங்கன்னு சொன்னது யாருன்னு நானும் மேடையேறிச் சொல்றேன்."

அந்த ஆள் அன்றே மறுபடியும் ஆணாகி, காரில் ஏறி, கல்யாணத்துக்குப் புறப்பட்டார்.

வெள்ளிக்கிழமை அப்பாவும் புறப்பட்டார், குடும்ப மானத்துக்குக் காவலாக. அரங்கைத் தேடி மூன்று மாடி ஏறி இறங்கினார். வழியில் எதிர்ப்பட்ட நான்கு பேரையும் நிமிர்ந்த தலையோடு கடந்து, கடைசியில் முதல் வரிசையைப் பிடித்தார்.

மகள் மேடையேறிக் கதையைத் தொடங்கினாள். கார் மூன்றாம் தடவை பாலத்தைக் கடந்தபோது அரங்கு குலுங்கிச் சிரித்தது. அத்தனை பேரும் தன் முதுகைப் பார்த்துச் சிரிப்பதாகவே அவருக்குப் பட்டது. எழுந்துவிட்டார்.

"ஒரு திருத்தம். அது பாலம் இல்ல, ரயில்வே கேட். அதுவும் ரெண்டு தடவைதான்."

சிரிப்பு சட்டென்று நின்றது. மேடையில் மகள் கண்களை மூடிக்கொண்டாள். மானத்தைக் காக்க வந்த இடத்தில் பெண்ணின் வேலையையும் சேர்த்துத் தொலைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். பழக்கமில்லாத சொல், வெளியே வர அதற்கும் வழி தெரியவில்லை.

இயக்குநர் தன் இருக்கையை விட்டு எழுந்து வந்தார். அப்பாவின் தோளைப் பிடித்து மெல்ல அழுத்தினார்.

"உட்காருங்க சார், வேலை உங்க பொண்ணுக்குத்தான். அந்த ஆளும் காரும் அவங்க இட்டுக்கட்டினது. அதைக் கேட்டுட்டு எத்தனை அப்பாக்கள் 'என்னைத்தான் சொல்றே'ன்னு சண்டைக்கு வர்றாங்கங்கிறதுதான் ஆராய்ச்சியே. சுருக்கத்துல நாற்பது பேர் இருக்காங்க, நீங்க நாற்பத்திரண்டாவது ஆள். அதோட முதல் பக்கத்தை மட்டும் படிச்சுட்டு நேத்து போன்ல கத்தின நான் நாற்பத்தொண்ணு."