தமிழ் அலமாரியின் மூன்றாம் தட்டு

புத்தகத்தைத் திருடாமலே காணாமற்போகச் செய்யும் ஓர் இனம் நூலகங்களில் உண்டு. பார்த்தால் உங்களுக்கே மரியாதை வரும். முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார்கள், துடைக்கிற சாக்கில் இடமும் வலமும் பார்ப்பார்கள், ஒரு செருமல், பிறகு கையிலுள்ள தடித்த நூலை, அதற்குச் சம்பந்தமே இல்லாத அலமாரியில், முன்வரிசைக்குப் பின்னால் படுக்கவைத்துவிட்டு, குழந்தையைத் தூங்கப் போட்டவர்போல நுனிக்காலில் வெளியே வருவார்கள். திருட்டா? சேச்சே. வீட்டுக்கு எடுத்துப் போனால்தானே திருட்டு!

எருத்தேன்பதி மோகனசுந்தரம் இந்த இனத்தின் அசல் வாரிசு. பாலக்காட்டில் பொருளாதாரம் முதுகலை. ஆய்வுப் படிப்புக்கு இருந்தது ஒரே இடம். அதன் நுழைவுத் தேர்வுக்கு உதவும் புள்ளியியல் நூலும் கல்லூரி நூலகத்தில் ஒரே பிரதி. அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அதை அவர் தமிழ் அலமாரியில், மூன்றாம் தட்டான கவிதைத் தட்டில் படுக்கவைத்தார். கேரளத்தில் அதைவிடப் பத்திரமான இடம் ஏது? இங்கே நம் ஆட்களே தமிழ் எடுப்பதில்லை என்பது அவர் ஆராய்ந்து கண்ட முடிவு. தாம் எடுத்ததில்லை என்பதே ஆதாரம்.

அதே இடத்துக்குப் போட்டியிட்ட மாரீஸ்வரி, சாந்தன்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவள், முதல் வாரமே கேட்டாள்.

"அண்ணே, அந்தப் புள்ளியியல் புக்க எங்கயாச்சும் பாத்தீகளா?"

"தெரியலீங்களே. எவனாச்சும் அமுக்கியிருப்பானுங்க. இந்தக் காலத்துல ஆரைத்தானுங்க நம்பறது?"

அதன்பின் அவள் கேட்கவில்லை. பாவம், விட்டுவிட்டாள் என்று அவருக்கே கொஞ்சம் வருத்தம். தினமும் பத்து மணிக்குப் பஸ் இறங்கி வந்து பார்ப்பார். வைத்தது வைத்தபடி இருக்கும்.

இடம் மாரீஸ்வரிக்குக் கிடைத்தது.

வாழ்த்தப் போனவர் வாய் சும்மா இருக்கவில்லை. "எதை வெச்சுங்க படிச்சீங்க?"

"நீங்க ஒளிச்ச புக்குதாண்ணே. நெதம் காலையில எட்டு மணிக்குக் கவிதை எடுக்கப் போவேன். ரெண்டாம் வாரம் கையில தட்டுப்பட்டுச்சு. பத்து மணிக்கு நீங்க வந்து அதத் தடவிப் பாக்குறத ஒருநா கண்டேன், அதுக்குள்ள இருந்த மாதிரியே படுக்க வச்சிருவேன். வேற ஒருத்தர் கையிலயும் சிக்காம காத்துக் குடுத்தீகளே, நல்லா இருப்பீக!"

ஜூனில் நூலகக் கணக்கெடுப்பு நடந்தது. அதே தமிழ் அலமாரியின் பின்னால் கைவிட்டுத் துழாவிய நூலகர் சிசிலி, பிற துறைப் புத்தகங்கள் பதினொன்றை வெளியே எடுத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மோகனசுந்தரம் வைத்தது ஒன்று. மீதிப் பத்து?

உங்களைக் கேட்கவில்லை. கண்ணாடியை ஏன் துடைக்கிறீர்கள்?