பெரியவரை எடுத்த அன்று

சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்ப்பவனை நம்பலாம். யாரும் கேட்காமல், தானாக முன்வந்து, ஓசியில் வேலை பார்க்கிறேன் என்பவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவனுக்கு லீவு கிடையாது, மேலதிகாரி கிடையாது, செய்வதெல்லாம் சேவை என்கிற நினைப்பு வேறு. நான் அப்படி ஒருவனாக இருந்தேன்.

திண்டுக்கல்லில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடையும் ஒரு பழைய பத்மினி காரும் உண்டு. (கடை ஓடும்.) என்னைப்போலப் பழைய காரை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. எந்த ஸ்பேர் எங்கே கிடைக்கும், எந்த மெக்கானிக் இன்னும் தொழிலில் இருக்கிறார் என்றெல்லாம் அதில் தகவல் வரும். ஆனால் அந்தத் தகவலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ரோஜாப்பூ, சூரிய உதயம், ஆவி பறக்கும் காபி என்று நூறு காலை வணக்கப் படங்களைத் தாண்ட வேண்டும். ஒருநாள் பொறுக்க முடியாமல், அட்மின் பொறுப்பை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டேன். அடுத்த நிமிடமே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு வேகமாக ஒரு பதவி வந்தால் யாருக்கும் சந்தேகம் வர வேண்டும். எனக்குப் பெருமைதான் வந்தது.

என் மனைவிக்குப் பெருமை வரவில்லை. “வீட்டுக் குப்பையக் கொண்டுபோய்க் கொட்ட ஆளக் காணோம். ஊர்க் குப்பையக் கூட்டப் போறாகளாம்,” என்றாள்.

கூட்டினேன். விடியற்காலையில் எழுந்து, பல் துலக்கும் முன்பு குழுவைத் துலக்கினேன். பூ தெரிந்தால் அழிப்பேன், விளக்குத் தெரிந்தால் அழிப்பேன். படத்தைத் திறந்து பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. திறக்காத படம் மங்கலாகத் தெரியுமே, அந்த மங்கலிலேயே குற்றவாளியை அடையாளம் கண்டுகொள்ளும் திறமை எனக்கு வந்துவிட்டதாக நினைப்பு. அட்மின் நீக்கிவிட்டார் என்ற வரி வரிசையாக நிற்பதைப் பார்த்தால், வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்த திருப்தியாக இருக்கும்.

குழுவில் யாரும் காரைக் கார் என்று சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் செல்லப் பெயர் உண்டு. என்னுடையது சின்னப்பொண்ணு. அந்தோணி அண்ணனின் ஹெரால்டுக்கு மாப்பிள்ளை என்று பெயர். இருப்பதிலேயே மூத்தது எரியோடு செல்வத்தின் வீட்டில் நின்ற கறுப்பு அம்பாசடர். அதற்குப் பெரியவர் என்று பெயர். செல்வம் தக்காளியும் முருங்கையும் போடுகிற விவசாயி, என்னைவிட இளையவர். நான் போடும் சட்டதிட்டங்களைக் கேலி செய்யாமல், ‘சரிண்ணே’ என்று பதில் எழுதுகிற ஒரே உறுப்பினர் அவர்தான். அந்தப் பெரியவரின் என்ஜினைப் பிரித்துப் போட்டு மாதக்கணக்கில் வேலை நடந்துகொண்டிருந்தது. எப்ப எடுக்குறீங்க, எப்ப எடுக்குறீங்க என்று நாங்கள் எல்லோரும் செல்வத்தை நச்சரித்துக்கொண்டே இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் சாப்பிடுகிற நேரத்தில், செல்வத்திடமிருந்து செய்தி வந்தது. ‘பெரியவரை இன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்குறோம். எல்லாரும் வந்துருங்க.’

முதல் பதில் என்னுடையதுதான். ‘அப்பாடா! இந்த நாளுக்குத்தானே இம்புட்டு நாளாக் காத்திருந்தோம்!’ அதற்குப் பின்னால் கைதட்டலும் பட்டாசும் கேக்குமாகப் படங்கள் வந்து குவிந்தன. காலை வணக்கத்தைத் தடை செய்தவன் கேக்கைத் தடை செய்ய மறந்திருந்தேன்.

பக்கத்துக் கடையில் சொல்லி அவசரமாக ஒரு பேனர் அடித்தேன். பூ மார்க்கெட்டில் அம்பாசடரின் பானெட் அளவைக் கையால் காட்டி ஒரு மாலை கட்டச் சொன்னேன். மதியத்துக்கு மேல் ஏழெட்டுக் கார்கள் ஊர்வலமாகக் கிளம்பின. சின்னப்பொண்ணு அகரம் பக்கத்தில் ஒருமுறை நின்று, தள்ளிவிட்ட பிறகு மனம் மாறி ஓடினாள்.

எரியோட்டில் செல்வத்தின் தெருவுக்குள் நுழைந்தால் பந்தல், நாற்காலிகள், கொட்டுச் சத்தம், வேட்டு. ஒரு காருக்கு இந்த மனிதர் இவ்வளவு செலவு செய்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கையை வெளியே நீட்டிச் சைகை காட்டினேன். எல்லாக் காரும் சேர்ந்து ஆரன் அடித்தன. கொட்டுக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

செல்வம் எழுந்து வந்தார். சவரம் செய்யாத முகம், சிவந்த கண். ராத்திரியெல்லாம் காருக்கு அடியில் கிடந்திருப்பார் என்று நினைத்துக் கட்டிப்பிடித்து, முதுகில் தட்டி, “எங்கப்பா பெரியவரு?” என்றேன்.

“உள்ள படுக்க வச்சிருக்கோம்ணே.”

“ஏன், ஸ்டார்ட் ஆகலியா?”

இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது. அந்தோணி அண்ணன் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அப்போதுதான் செல்வத்தின் தோளுக்கு மேலாக, பந்தலுக்குள் கண்ணாடிப் பெட்டி தெரிந்தது. உள்ளே படுத்திருந்தவர் செல்வத்தின் அப்பா. அந்த வீட்டில் அவரும் பெரியவர்தான். நாலு மணிக்கு எடுப்பது என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு வேண்டியிருந்தது.

சின்னப்பொண்ணின் நெற்றியில் ‘பெரியவரே, இன்னும் நூறாண்டு ஓடுக!’ என்ற பேனர் ஊரே பார்க்கும்படி நின்றது. ஓடிப்போய் அவிழ்த்தேன். எப்படி மடித்தாலும் ‘நூறாண்டு’ மேலே வந்து நின்றது. கடைசியில் அந்தோணி அண்ணன் அதை வாங்கி ஒரு நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியின் மேல் சாத்தினோம். பானெட்டுக்குக் கட்டிய மாலை, பெட்டியின் இரண்டு பக்கமும் வழிந்து தரையைத் தொட்டது. சொந்தக்காரர்கள் யாரோ பெரிய இடத்து ஆட்கள் என்று நினைத்து எங்களுக்கு வழிவிட்டார்கள்.

செல்வம் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டார். “விடியக்காலையிலயே படத்தோட போட்டேனேண்ணே. பாக்கலியா?”

பார்த்தேன். பல் துலக்கும் முன் அழித்த முதல் படம் அதுதான். மங்கலாக ரோஜாப்பூ, ஓரத்தில் விளக்கு, நடுவில் சூரியன் மாதிரி ஒரு வட்டம். சூரியன் என்று நான் நினைத்தது அவருடைய அப்பாவின் முகம்.

அன்று அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கருமாதி முடிந்த பிறகு தனியாகப் போய், நான்தான் அழித்தேன் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “காலைல இருந்து யாராச்சும் போன் பண்ணுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேண்ணே,” என்றார். “ஒரு வார்த்தை வரல. அப்பறம் பாத்தா, எல்லாரும் கை தட்டுறீக.” அவ்வளவுதான் சொன்னார். ஒரு மனிதன் துக்கத்தில் முதலில் தேடியது எங்களை, அந்த வார்த்தை எங்களிடம் வந்து சேராமல் துடைத்தெறிந்தவன் நான்.

அட்மின் பதவியை அன்றே விட்டுவிட்டேன். இப்போது குழுவில் சூரியன் தாராளமாக உதிக்கிறது. எங்கள் வீட்டில் யாராவது வண்டியை எடுக்கட்டுமா என்று கேட்டால், “வண்டியத்தானே?” என்று என் மனைவி உறுதி செய்துகொள்கிறாள். மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

செல்வத்தின் அம்மாவுக்கும் இது பிடித்த கதையாகிவிட்டது. வருசத் திதி முடிந்ததிலிருந்து, நான் எப்போது எரியோட்டுக்குப் போனாலும் வந்திருப்பவர்களிடம் என்னைக் காட்டி, “எங்க வீட்டுக்காரரு ஸ்டார்ட் ஆகலியான்னு கேட்டது இவுகதான்,” என்று ஆரம்பிப்பார். சொல்லிச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பார். அந்த மனுசன் இருந்திருந்தால் இதைக் கேட்டு அவரும் சிரித்திருப்பார் என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். செல்வம் மட்டும் கதை தொடங்கியதும் எழுந்து வெளியே போய், ஏற்கனவே துடைத்து வைத்த காரை மறுபடியும் துடைத்துக்கொண்டிருப்பார்.