தோற்றுவிடுவார்கள் என்று நம்பிப் போனேன்

பாகூர்,
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை கலைவேந்தன் அவர்களுக்கு,

பாகூர் கடைத்தெரு பாத்திரக்கடை விஜயராஜ் கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் கடையும் சௌக்கியம். அபிஷேகப்பாக்கத்தில் உங்கள் தகப்பனார், தாயார், காதில் புதுத்தோடு போட்டிருக்கும் என் மருமகள் நிவேதா எல்லோரும் சௌக்கியமா என்று கேட்க ஆசைதான், கேட்டால் பதில் சொல்லத்தான் ஆளில்லை. என் தங்கை செல்வகுமாரி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் போனை எடுப்பதில்லை. உங்கள் நம்பருக்கு அடித்தாலும் அவளே எடுத்து, என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். காதுகுத்துக்கு ஒத்தாசை செய்ய வெள்ளிக்கிழமையே உங்கள் வீட்டுக்கு வந்த என் மனைவி மஞ்சுளாவும் இன்னும் திரும்பவில்லை. மூன்று வேளையும் ஓட்டல் இட்லி சாப்பிட்டு வயிறு என்னோடு சண்டைக்கு வருகிறது. ஆகவே இந்தக் கடிதத்தைக் கடை வண்டியில் திருபுவனை அனுப்பி, உங்கள் கம்பெனி வாசலில் உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டு, நல்ல நேரம் பார்த்துச் செல்வியிடம் பேசுங்கள். கூடப்பிறந்தவள் பேசாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், தாய்மாமன் சீர் தாய்மாமன் கையாலேதான் வர வேண்டும், இது எனக்குத் தெரியாதா. தெரிந்துதான் சனிக்கிழமை விடியுமுன் கோவில்பட்டிக்குக் கிளம்பினேன். கும்பகோணத்துக்குக் குத்துவிளக்கு எடுக்கப் போவதாக உங்களிடம் சொன்னது உண்மைதான், அதை விடுங்கள். நான் படித்த கல்லூரியின் ஹாக்கி அணிக்கு அங்கே அரையிறுதி ஆட்டம். என் கணக்கில் தப்பே இல்லை மாப்பிள்ளை. நம் அணி எந்தப் போட்டியிலும் அரையிறுதியைத் தாண்டி நான் பார்த்ததில்லை. சாயங்காலம் தோற்பார்கள், தோற்றதும் அணியின் வேன் கிளம்பும், ராத்திரி முழுக்க ஓடி ஞாயிறு விடியற்காலை காதுகுத்துக்கு முன்பே என்னை உங்கள் ஊர்க் கோயில் வாசலிலேயே இறக்கிவிடும் என்று கோச் சார்லஸ் சாரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். அவரும் மறுத்துப் பேசவில்லை. அதனால்தான் சீர்த்தட்டுகளைக் கையோடு வேனில் ஏற்றினேன். செல்விக்குப் புடவை, உங்களுக்குப் பட்டு வேட்டி, குழந்தைக்குப் பாவாடை, தேங்காய், பழம், மாலை, வெற்றிலைக்கு அடியில் மஞ்சள் துணியில் முடிந்த தோடு, எல்லாம் நம் கடைப் பித்தளைத் தாம்பாளங்களில். பையன்கள் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு தட்டுகளுக்கு இடம் விட்டார்கள் என்றால் பாருங்கள்.

போய்ச் சேர்ந்ததும் டிரைவர் டயரில் ஆணி ஏறிவிட்டது என்று வேனை ஒர்க் ஷாப்புக்கு எடுத்துப் போகக் கிளம்பினார். தோடு இருக்கிற தட்டை யாரை நம்பி அனுப்புவது. எல்லாத் தட்டுகளையும் இறக்கி, மைதானத்து ஓரமாகப் பந்தல் நிழலில் வரிசையாக வைத்து, துணி போட்டு மூடினேன். ஒரு தாம்பாளத்தை மட்டும் காலி செய்து எடுத்துக்கொண்டேன், அது நம் அணிக்காகத் தட்டிச் சத்தம் போட. நான் கேலரியில் ஏறி உட்கார்வதற்குள் மைக்கில் ஒருவர் உருகுகிறார், புதுச்சேரியிலிருந்து இவ்வளவு தூரம் சீரோடு வந்து நம் மண்ணைக் கௌரவித்த அன்பு உள்ளங்களுக்கு நன்றி என்று. யாருடா இவ்வளவு மரியாதை தெரிந்தவன் என்று நானும் எட்டிப் பார்க்கிறேன், விழாக் கமிட்டிக்காரர்கள் கையில் என் தட்டுகள் மேளத்தோடு மைதானத்துக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. நடுவர் அருள்முருகன் என்று ஒரு பெரியவர், அவர் கழுத்தில் மாலை விழுந்தது, தோளில் உங்கள் பட்டு வேட்டி ஏறியது, தட்டுகள் ஒவ்வொன்றாக அவர் கையில் போயின. ஜனம் கைதட்டுகிறது. சபையில் கை மாறிய தட்டை எந்தத் தமிழன் போய்த் திருப்பிக் கேட்பான், நீங்களே சொல்லுங்கள்.

எதிரணிக்காரர்கள் சும்மா இருப்பார்களா, சீர் வாங்கிவிட்டு விசில் ஊதுகிறார் என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மனிதர் பாவம், தன் நாணயத்தைக் காட்டுவதற்காக நம் பையன்கள் மூச்சு விட்டால்கூட விசில் ஊதினார். இருக்கிற பச்சை அட்டை, மஞ்சள் அட்டை எல்லாம் நமக்குத்தான். ஒரு கட்டத்தில் நம் பக்கம் பாதிப்பேர் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். சார்லஸ் சார் கேலரி ஓரமாக ஓடி வந்து என்னிடம் கெஞ்சினார். "இன்னாபா வேல இது, ஒன் சீர முதல்ல திருப்பி வாங்குபா, இல்லாட்டி அந்தாளு கோல் போஸ்ட்டயே வெளிய அனுப்பிடுவாரு." எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான், எப்படியும் தோற்றுவிடுவார்கள், வேன் கிளம்பிவிடும். ஆனால் கோபம் வந்தால் இந்தப் பையன்கள் எப்படி ஆடுவார்கள் என்று நானே அன்றைக்குத்தான் பார்த்தேன். வெயில் இறங்கும்போது நாம் ஜெயித்துவிட்டோம். கேலரி குதிக்கிறது, நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். இறுதி ஆட்டம் ஞாயிறு காலை. வேன் எப்படி வரும்?

பஸ் பிடித்து வரலாமே என்று உங்கள் தகப்பனார் கேட்பார், நியாயம். நானும் பையைத் தூக்கிவிட்டேன். கோல் கீப்பர் விஷ்ணு வழியை மறித்துக்கொண்டு நிற்கிறான், நான் தட்டின தாம்பாளம்தான் ராசியாம், அந்தச் சத்தம் கேட்காவிட்டால் கோலுக்குள் இறங்க மாட்டானாம். தாம்பாளத்தை வைத்துவிட்டுப் போகிறேன் என்றால், தட்டுகிற கையும் வேண்டுமாம். சின்னப் பிள்ளைகள் இத்தனை பேர் கேட்கும்போது மனசு கேட்கவில்லை, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

சீரை என்ன செய்வது. நடுவர் அறைக்குப் போய் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "தாய்மாமன் சீரயா என் கைல குடுத்தானுங்க, எனக்கே நாலு தங்கச்சிங்கபா, வூடு வெளங்குமா" என்று மாலையைக் கழற்றி வைத்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர். எதிரணியின் புகாரால் அவரை இறுதி ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம், அன்றைய ரயிலிலேயே ஊருக்குத் திரும்புகிறார். எனக்குக் குலதெய்வமே அந்த உருவில் வந்தது போல இருந்தது. தட்டுகளைத் தானே கொண்டுவந்து சேர்ப்பதாகச் சத்தியம் செய்தார், செய்தும் விட்டார்.

ஆகவே மாப்பிள்ளை, காலையில் ஆட்டோ நிறையத் தட்டுகளோடு உங்கள் கோயில் வாசலில் வந்து இறங்கிய வெள்ளைச் சட்டைக்காரர் சீர் திருடியவரும் இல்லை, மஞ்சுளாவின் சித்தப்பாவும் இல்லை, அந்த நடுவர்தான். மஞ்சுளா ஒரே ஒரு தடவை போன் செய்து என்னைத் திட்டியதில்தான் மிச்சம் தெரிந்துகொண்டேன். முகூர்த்தம் போகிறது என்று ஐயர் அவசரப்படுத்தியதில் அவரையே மனையில் உட்கார வைத்தீர்களாமே. முதல் காது குத்தியதும் குழந்தை வீறிட, கூட்டம் மேலே விழ, அவர் பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊத, ஐயர், மேளம், உங்கள் தகப்பனார் எல்லோரும் அசையாமல் நின்றார்களாம். அந்த அமைதியில் பத்தர் இரண்டாவது காதையும் குத்திவிட்டாராம். நான் உட்கார்ந்திருந்தாலும் இவ்வளவு நேர்த்தியாக நடந்திருக்காது. வேட்டியில் புல் கறை இருந்தால் அவரை ஒன்றும் சொல்லாதீர்கள்.

ஆனால் அந்த மடி என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். புகுந்த வீட்டார் முன்னால் அண்ணன் எங்கே என்று யாராவது கேட்டிருப்பார்கள், செல்வி என்ன சொல்லியிருப்பாள். இனி ஹாக்கி மட்டை இருக்கிற திசையில் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். கோப்பை நமக்குத்தான் வந்தது, அதைச் சொல்ல வேண்டாம். பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், நிவேதாவின் இரண்டு காதுக்கும் இந்த மாமனின் முத்தம். உங்கள் நெல் களம் நிறையட்டும், என் வீட்டு அடுப்பு சீக்கிரம் எரியட்டும்.

தங்கள் அன்புள்ள,
விஜயராஜ்

பி.கு.: கவரை ஒட்டி வண்டியில் கொடுக்கப் போகும்போது செல்வியே போன் செய்தாள், அதனால் பிரித்து எழுதுகிறேன். இறுதி ஆட்டத்தைக் காதுகுத்துப் பந்தலிலேயே போனில் பார்த்தாளாம். நான் போட்ட கணக்கை நடுவர் அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். நான் வராததற்கு அவளுக்குக் கோபமே இல்லையாம். "நம்ம டீமு தோத்துடும்னு நெனச்சிக்கினு வேன் ஏறினியே அண்ணா, அதத்தான் என்னால தாங்க முடியல. ஜெயிக்கும்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா முகூர்த்தத்தயே தள்ளி வச்சிருப்பேனே" என்று அழுதுவிட்டாள். அவள் அதே கல்லூரியில் லெஃப்ட் விங் ஆடியவள். பெண் பார்க்க வந்தபோது கோலம் போடுவாளா என்று கேட்டீர்கள், சொன்னோம். இதை யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் சேலத்தில் போட்டி. அவளும் மஞ்சுளாவும் என்னோடு வருகிறார்கள். மேலே எழுதிய மன்னிப்பை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். வேனில் இன்னும் ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது, உங்களுக்காகக் கேட்டும் பார்த்தேன். நீங்களும் வந்துவிட்டால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்கிறாள் செல்வி.