பட்டனைத் தொடாதீங்க

“பட்டனைத் தொடாதீங்க சார்,” என்றாள் அவள். பவர் பட்டனைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

ஸ்கேன் மையத்தில் அவள் பராமரிக்கும் பெரிய கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றிருந்தது. நின்ற நொடியில் மெமரியில் இருந்ததையெல்லாம் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது. எழுதி முடித்தால்தான் அதை நிறுத்திய குற்றவாளி எந்தப் புரோகிராம் என்று தெரியும். பாதியில் அணைத்தால் எல்லாம் வீண்.

“வெளியில ஜனங்க ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காங்கம்மா,” என்றார் முதலாளி.

“மெமரி பெருசு சார். மெதுவாத்தான் எழுதும்.”

“பெருசாக்கினதே நீங்கதானே?”

அவள்தான். கம்ப்யூட்டர் நின்றுபோனதாக முதல் புகார் வந்ததும், காரணத்தைப் பிடிக்க ஒரு கண்காணிப்பு புரோகிராமை உள்ளே போட்டாள். மறுநாளும் நின்றது. மெமரி போதவில்லை போலிருக்கிறது என்று கூட்டிப் போட்டாள். அதற்கப்புறம் காலையிலும் நின்றது, மதியமும் நின்றது. இன்றைக்கும் நின்றால் வெளியாளை வைத்துக்கொள்வதாக முதலாளி வந்ததும் வராததுமாகச் சொல்லியிருந்தார். நின்றுவிட்டது. வேலையைக் காப்பாற்ற இனி அவளுக்கு இருந்த ஒரே வழி, நின்றதற்கான காரணத்தைக் கண்டுபிடித்துக் காட்டுவதுதான்.

பூட்டிய கதவைத் திரும்பவும் இழுத்துப் பார்ப்பவள் அவள். தன் கைமேலேயே நம்பிக்கை இல்லையா என்று வீட்டுக்காரர் கேட்பார். இருந்தால் ஏன் இழுக்கிறாள்?

திரையில் சதவீதம் ஊர்ந்து ஊர்ந்து நூறைத் தொட்டது. உடனே எல்லாம் இருண்டது.

“போச்சா?” முதலாளி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“இல்லை சார். தானா மறுபடி ஆன் ஆகுது. எப்ப ஆன் ஆனாலும் முதல்ல மெமரி முழுக்கச் சோதிச்சுப் பார்க்கும். அதுவரைக்கும் திரை கறுப்பாத்தான் இருக்கும்.”

வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வரவேற்புப் பெண்ணின் முகம் வெளிறியது. இவர்கள் கவனிக்கவில்லை.

இயந்திரம் எழுந்தது. டிஸ்க்கில் பதிந்திருந்த கோப்பை அவள் திறந்தாள். மெமரியின் மூலைமுடுக்கெல்லாம் துழாவித் துழாவி இயந்திரத்தைக் கவிழ்த்தது யாரென்று பளிச்சென்று எழுதியிருந்தது.

“யாரும்மா?”

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் மனம் குறுகுறுத்தது.

“நான் போட்ட புரோகிராம்தான் சார்.”

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். “சரி, அதைப் போடறதுக்கு முன்னாடி, முதல் தடவை எதுக்கு நின்னுச்சு?”

அவளுக்கு அதுதான் விளங்கவில்லை. வேலையோடு மானமும் போகப்போகிறது.

வரவேற்புப் பெண் மெல்ல உள்ளே வந்தாள்.

“அக்கா, இப்பக் கறுப்பா இருந்துச்சே, முதல் நாள் காலையில மெஷினைப் போட்டப்பவும் இப்படித்தான் இருந்துச்சு, நான்தான் அது செத்துப்போச்சுன்னு சாருக்குப் போன் போட்டுட்டேன்.”