டேய்ங்க மாமா

பசுந்தாங்கில் இருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி பழனியாண்டி அவர்களுக்கு, இன்சீனிலிருந்து வெள்ளையன் வணங்கி எழுதிக்கொள்வது.

முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன், ஆனால் எழுத்துகள் கோட்டில் உட்கார மறுக்கின்றன. ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று பக்கத்து எழுத்தின் மேல் சாய்கிறது. கோயிலில் மாலைத் தமிழ் வகுப்பு எடுக்கும் டீச்சர் சத்யபாமா சயாமா, “மெதுவா எழுதுங்க தாத்தா, யாரும் தொரத்தல” என்று சொல்லியிருக்கிறார். அப்படியே மெதுவாக எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். நீங்கள்தான் இப்போது போனை எடுப்பதில்லை. அதோடு, தலை நரைத்த பிறகு எழுதக் கற்றுக்கொண்டவன் போனில் பேசினால் கற்றதற்கு என்ன மதிப்பு. இந்தக் கடிதத்தில் ஹாக்கி என்ற சொல் அடிக்கடி வரும். ‘ஹ’ எழுத்தை சயாமா எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் சொல்லிக்கொடுத்தார். அதை எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

இங்கே நானும் என் மகள் சாந்தகுமாரியும், உங்கள் மகனும் எங்கள் வீட்டு மாப்பிள்ளையுமான பாலாவும் நலம். உங்கள் மூட்டு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இனி உங்களுக்குக் கோபம் வந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் இன்சீன் வாலிபர் ஹாக்கிச் சங்கம், எங்கள் கோலில் நிற்கும் பாலாவை உங்கள் பசுந்தாங் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டு உங்கள் கோல்கீப்பர் இப்ராஹிமை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டது உண்மைதான். ஆனால் அந்தச் செய்தி சுற்று ரயிலில் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்து இறங்கும்போது, வெள்ளையன் மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறான் என்று ஆகிவிட்டது. சம்பந்தியம்மா பவுனம்மாள் போனில், “பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறது கேள்விப்பட்டிருக்கோம். மாப்புளயக் குடுத்துக் கோல்கீப்பர எடுக்கற குடும்பத்த இப்பத்தான் பாக்கறோம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இங்கே சாந்தகுமாரி, உங்கள் பக்கம் விடிகாலைப் பயிற்சி என்றால் அவர் அங்கேதான் தங்க வேண்டும், அவர் போனால் நானும் போகிறேன் என்று துணிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் எனக்கு இவர்கள் இருவரை விட்டால் யார். சங்கம் எத்தனை கோல் வேண்டுமானாலும் வாங்கட்டும், வீடு காலியாகக் கூடாது என்றுதான் நான் இதில் இறங்கினேன்.

சங்கத்தின் நிலை உங்களுக்குத் தெரியும். பெயரில் வாலிபர் இருக்கிறதே தவிர மைதானத்தில் அதிகம் இல்லை. வாலிபர்களெல்லாம் மலேசியா, தாய்லாந்து என்று போய்விட்டார்கள். கோலுக்கு முன்னால் பேக் நிற்கும் இருவரில் ஒருவர் என் மைத்துனர் தேவராஜ், சாந்தகுமாரியின் தாய்மாமா, சங்கத் தலைவரும் அவரே. இன்னொருவர் டீக்கடை வைத்திருக்கும் பர்மியர் ஊ சோ வின். இருவரும் பேரப்பிள்ளை எடுத்தவர்கள். இந்த வருடம் கோயில் கோப்பைக்கு ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் டீக்கடையில் உட்கார்ந்து தேவராஜ் ஒன்றையேதான் சொல்வார்: நல்ல கீப்பர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். பக்கத்தில் பாலா கால் பேடைக் கழற்றியபடி, சரிங்க மாமா என்பார்.

மாற்றுவதற்கு முன் ஒத்திகை பார்க்கலாம் என்று நம் இரண்டு சங்கமும் ஓர் ஆட்டம் வைத்தன. நீங்கள் வரவில்லை, அதனால் சொல்கிறேன். எங்கள் கோலில் இப்ராஹிம், உங்கள் கோலில் பாலா. இரண்டு பக்கமும் ஒரு கோல்கூட விழவில்லை. பார்த்தீர்களா, கீப்பர்தான் குறை என்று தேவராஜ் மைதானத்திலேயே இப்ராஹிமைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆனால் நான் எங்கள் கோலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவன். இப்ராஹிம் தடுத்த பந்து மிகக் குறைவு. பந்து அவரிடம் வரவே இல்லை. அவர் செய்ததெல்லாம் கத்தியதுதான். எடது, ஓடு, என்னா நின்னு வேடிக்க பாக்கற, இவ்வளவுதான் பேச்சு. இன்சீனில் அவருக்கு உறவும் இல்லை, அறிமுகமும் இல்லை. வெந்நீர் பட்டதுபோல தேவராஜ் ஓடினார், ஊ சோ வின் அதைவிட வேகமாக ஓடினார்.

எங்கள் கோலில் நிற்கும்போது பாலாவும் சொல்லத்தான் செய்வார். ஆனால் தேவராஜைப் பார்த்து, பெரிய மாமா, கொஞ்சம் இடது பக்கம் வருகிறீர்களா என்று கேட்டு முடிப்பதற்குள் பந்து உள்ளே போய்விடும். ஊ சோ வின்னுக்கு பர்மிய மொழியில் சொல்ல வேண்டும். ‘ஊலே’ என்று மாமா முறை வைத்துத் தொடங்கி ‘கம்யா’ என்று பணிவாக முடிப்பதற்குள் பந்தை எடுத்து நடுவில் வைத்துவிடுவார்கள். அதே பாலா அன்று உங்கள் கோலில் நின்று, முன்னால் நின்ற தன் சித்தப்பா பிள்ளைகளை டேய், டேய் என்று விரட்டினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி ஒரு குரலை நான் எங்கள் வீட்டில் கேட்டதில்லை. ஆகவே சம்பந்தி, குறை கையில் இல்லை, கண்ணில் இல்லை, உங்கள் வளர்ப்பில். பிள்ளையை மரியாதையாக வளர்த்துவிட்டீர்கள்.

டீக்கடையில் இதைச் சொல்லி, ஆட்டத்தில் மட்டும் மாப்பிள்ளை மரியாதை பார்க்காமல் அதட்டட்டும் என்றேன். ஊ சோ வின் சிரித்துக்கொண்டு, எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும் என்று உடனே ஒத்துக்கொண்டார். தேவராஜ்தான் மசியவில்லை.

“இன்னிக்கு அவரு என்னய டேய்னு கூப்புட்டா, நாளைக்குக் கல்யாண வூட்ல எவன் எனக்கு எல போடுவான்?”

“இத்தன கோல் வாங்குனதுக்கு மட்டும் தலவாழ எல போட்டாங்களாக்கும்,” என்றேன்.

தட்டில் இருந்த ஊறிய தேயிலைத் தீனியை அள்ளி வாயில் போட்டு மென்றார். பிறகு, தொடக்க விசிலிலிருந்து கடைசி விசில் வரை ‘வா போ’, விசில் முடிந்தால் ‘மாமா’ என்று முடிவு செய்தோம்.

ஆனால் மாப்பிள்ளைக்கு நாக்கு திரும்பவில்லை. அதனால் வீட்டுக் கொல்லையில் நான் பேக் நின்றேன், அவர் கீப்பர். என்னை அதட்டச் சொன்னேன்.

“டேய்னு சொல்லுங்க மாப்புள.”

“வேணாம் மாமா.”

“கோப்பய நெனச்சிக்கிட்டு சொல்லுங்க.”

கண்ணை மூடிக்கொண்டு, “டேய்ங்க மாமா” என்றார்.

சாந்தகுமாரி மடித்த துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அவளுடைய சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. பிறகு தினமும் பழகினோம். முதலில் அந்த ‘ங்க’ போயிற்று. சில நாளில் மாமா போயிற்று. கடைசியில் என் பெயரே வந்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

போன சனிக்கிழமை டாலா சங்கத்துக்காரர்களோடு ஆட்டம். நாங்கள் ஒரு கோல் போட்டுவிட்டோம், முடியப் போகும் நேரத்தில் அவர்களுக்கு பெனால்டி கார்னர். மாப்பிள்ளை, “டேய் தேவராசு, படுறா” என்றார். மைத்துனர் யோசிக்கவே இல்லை, அப்படியே படுத்துவிட்டார். பந்து அவருடைய ஸ்டிக்கில் பட்டு வெளியே போயிற்று. விசிலும் அடித்துவிட்டார்கள். மைத்துனரை எழுப்பத்தான் ஆள் தேவைப்பட்டது. பாலா ஓடிப் போய் அவர் காலைத் தொட்டு, மன்னிச்சிருங்க பெரிய மாமா என்றார். தேவராஜ் படுத்தபடியே, “அடுத்த ஆட்டத்துலயும் இப்பிடியே திட்டுங்க மாப்புள” என்றார்.

ஆகவே கோல்கீப்பரை மாற்றினால் சங்கம் திருந்தும் என்பது தவறு. இப்ராஹிமை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை எங்கும் வரவில்லை. சாந்தகுமாரி துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கிவிட்டாள். இதைச் சம்பந்தியம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டி, தயவுசெய்து போனை எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் வியாபாரமும் முழங்காலும் நன்றாக இருக்க முனீஸ்வரன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
எழுதத் தெரிந்த சம்பந்தி
வெள்ளையன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மாப்பிள்ளை தூக்குப் பாத்திரத்தில் சூடாக, மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். நான் வழியில் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. “டேய் வெள்ளையா, எடது” என்றார். நானும் சட்டென்று இடது பக்கம் நகர்ந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் இருவருக்கும் விளங்கியது. பாவம், அவர் இன்னும் பாத்திரத்தோடு நிற்கிறார், வாயைத் திறக்கப் பயப்படுகிறார். எனவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு இப்ராஹிமை உடனே அனுப்பி வையுங்கள். நாங்கள் மூவரும் அங்கே வந்துவிடுகிறோம். அங்கே டேய் சொல்ல அவருக்குத் தம்பிகள் இருக்கிறார்கள். பசுந்தாங்கில் தமிழ் வகுப்பு நடக்கிறதா என்று மட்டும் விசாரித்து வையுங்கள். அடுத்த வாரம் நான் மறுபடி எழுதுவேன். அதற்குள் அவர் என்னை ஒருமுறை மாமா என்று கூப்பிட்டுவிட்டார் என்று அதில் இருந்தால், இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துவிடுங்கள்.