மெயின் சுவிட்சுக்கு ஒரு பூட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உன் முழங்கால் வலியும் உன் மனைவியின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். உன் கல்யாணப் போட்டோவில் என்னைப் பின்வரிசைக்குத் தள்ளி, இடது காது மட்டும் தெரியும்படி நிறுத்தியதை நான் மறக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியதல்ல.

உன் சலவைக் கடையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறானே என் மகன், உன் சொந்த அக்காள் பிள்ளை, அவனைப் பற்றியது. போன வியாழக்கிழமை மத்தியானம் துவைக்கிற மெஷினுக்கு மேலே வயர் மாற்ற ஏணியில் ஏறினான், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினான், "ஆள் வேலை செய்கிறார், போடாதே" என்று அதில் அட்டையும் மாட்டினான், யாரோ அட்டையைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டுவிட்டார்கள், பிள்ளை ஒரு அலறு அலறி மல்லாக்க விழுந்தான், கீழே ஓட்டல் படுக்கை விரிப்புகள் குவியலாகக் கிடந்ததால் முதுகு தப்பியது, மூன்று விரல் நுனி கருகிவிட்டது. அந்த விரிப்புகளைச் சொன்ன நாளில் நீ திருப்பிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உன் சோம்பேறித்தனம்தான் அவனைக் காப்பாற்றியது, அதற்கு நன்றி. "ஒண்ணுமில்லம்மா, அழாத"ன்னு என்னைத் தேத்துறான், கட்டுப் போட்ட விரலைப் பின்னால ஒளிச்சுக்கிறான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. லைட்டைப் போடக்கூட பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிறேன்.

போட்டது உன் இஸ்திரிக்காரன்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் ஊதா சால்வையில் முக்கோணமாக ஓட்டை போட்டவன், வேறு என்ன செய்வான்? கேட்டால், "நான் எந்திரிக்கவே இல்ல பெரியம்மா, பெட்டி ஆறிப்போச்சேன்னு உக்காந்து துணி மடிச்சுக்கிட்டிருந்தேன்"னு கண்ணைத் துடைக்கிறான். நம்பாதே. உடனே வேலையை விட்டு நிறுத்து.

அதோடு, மெயின் சுவிட்சுக்குப் பூட்டு வாங்கு. வேலை செய்கிறவன் தானே பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டுமாம். ரெண்டு வருஷமாக என் மகன் கேட்கிறான். நீ என்ன சொன்னாய்? "அட்டை தொங்குதே மாப்ள, அதுக்கு மேல என்ன வேணும்?" அட்டை எழுந்து வந்து கையைப் பிடிக்குமா? ஈரத் தரையில் வயர் ஓடுகிறது, ஒரே பிளக்கில் மூன்று இஸ்திரிப் பெட்டி சொருகியிருக்கிறாய், எர்த் வயர் அறுந்து தொங்குது, கேட்பாரில்லை. திங்கட்கிழமை அவன் மறுபடி ஏற வேண்டுமாம். பூட்டு வராவிட்டால் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுக்கடையில் உட்கார்ந்துவிடுவேன், சொல்லிட்டேன்.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். உன் மனைவியையும் விசாரித்ததாகச் சொல், ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத அக்கா

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டேன், ஒட்டக் கை வரவில்லை. இஸ்திரிக்காரனை நிறுத்தாதே. அன்றைக்கு மகனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நான்தான் வந்தேன். உள்ளே ஒரே புழுக்கம், ஃபேன் ஓடவில்லை, மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். கதவோரம் ஏதோ அட்டை தொங்கியது, விசிறிக்கொள்ள எடுத்தேன். அதற்குப் பின்னால் சுவிட்ச் இறங்கியிருந்தது, ஃபேன் ஓடட்டுமே என்று தூக்கிவிட்டேன். பிள்ளையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே. பூட்டை மட்டும் இன்றைக்கே வாங்கி, சாவியை அவனிடம் கொடு. நான் அழுது கேட்டாலும் என் கையில் கொடுக்காதே.