அவள் கேட்டாள், எனக்குக் கேட்கவில்லை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாணும் சம்பலும் சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காயுமுன்னே, நான் செவிடனாகிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

காதில் ஒரு குறையும் இல்லை. நாற்பது வருசம் கடலில் கிடந்த காது இது. எஞ்சின் சத்தத்தை வைத்தே வருவது எவனுடைய வள்ளம் என்று சொல்லுவேன். எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றிக் கனநாளாகிவிட்டது என்றும் சேர்த்துச் சொல்லுவேன். குறிஞ்சிப்பிட்டியில் யாக்கோபுவின் காது என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அப்படிப்பட்ட இரண்டு காதையும் ஒரே நாளில் இழுத்து மூட வேண்டி வந்தது என் மனைவி அனஸ்தாசியாவால்.

அவளிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. என்னைக் கேட்காமல் ஒன்றும் செய்யமாட்டாள். "இவரைக் கேக்காம நான் ஒரு கறிவேப்பிலையும் கிள்ளமாட்டன்" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். பொய்யில்லை. கேட்பாள். நான் என்ன பதில் சொன்னேன் என்பது மட்டும் அந்தப் பழக்கத்தில் சேராது. கேட்டாள், ஆட்டைக் கொடுத்தாள். கேட்டாள், முருங்கையை வெட்டினாள். கேட்டாள், என் மீசை போனது.

இந்த முறை அவள் கண் வைத்தது முன் அறையில்.

முன் அறையில்தான் என் சாய்மனைக் கதிரை. பக்கத்தில் ரேடியோ. யன்னலைத் திறந்தால் களப்புத் தண்ணீரிலிருந்து நேரே நெஞ்சுக்கு வரும் காற்று. கடலை விட்ட பிறகு இந்த உலகத்தில் எனக்கென்று மிஞ்சியது அந்தப் பத்தடிக்குப் பத்தடி. ஆனால் சோளகக் காற்றுத் தொடங்கினால், பெரிய பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்குவதற்கு வெள்ளைக்காரர் வந்து இறங்குவார்கள். அவர்களுக்குப் படுக்க அறை வேண்டும். ஊரில் நாலு வீட்டார் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாவது வீடு நம்முடையது என்று அனஸ்தாசியா தீர்மானித்துவிட்டாள். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் கௌசல்யா மிஸ் நடத்தும் இங்கிலீஷ் வகுப்புக்கும் போகத் தொடங்கினாள். அறுபது வயதில் கொப்பியும் பென்சிலும்.

என் மூளை மூன்றாம் வகுப்போடு நின்ற மூளை. ஆனாலும் அது அன்றைக்கு ஒரு வேலை பார்த்தது. கேட்டால்தானே செய்வாள்? எனக்குக் கேட்காவிட்டால் அவள் கேட்டதாக ஆகுமா? ஆகாது. கேட்காமல் செய்வாளா? மாட்டாள். முன் அறை தப்பியது.

"இஞ்ச பாருங்க. உங்களை ஒண்டு கேக்கவேணும்."

நான் கூரையைப் பார்த்தேன்.

"முன் அறையை வெள்ளைக்காரருக்குக் குடுப்பமா?"

"ஓம், சூடை மீன் நல்லாப் படுதாம்."

"நான் அறையைச் சொல்றன்."

"அரை காணாது. ஒரு கிலோவா வாங்கு."

"காது கேக்கல்லையா உங்களுக்கு?"

"ஆர் செத்தது?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருசத்தில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. கொண்டாட ஆளில்லை. சொன்னால்தானே கொண்டாட.

பக்கத்து வீடு எமிலியாவுடையது. நடுவில் ஒரு ஓலை வேலி. செய்தி வேலியைத் தாண்டி அரை நிமிசத்தில் போனது.

"எமிலியா, இவருக்குக் காது போயிட்டுது."

"ரெண்டுமாக்கா?"

"ரெண்டும்."

"வாய்?"

"அது இருக்கு."

"மாறிப் போயிருந்தா உங்களுக்கு எவ்வளவு நிம்மதி."

பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். செவிடனாக இருப்பதில் இது ஒரு கரைச்சல். உங்களைப் பற்றி உங்கள் முன்னாலேயே கதைப்பார்கள். மூன்று நாளில் என்னைப் பற்றி எனக்கே தெரியாத பல விசயங்களைத் தெரிந்துகொண்டேன். நான் குறட்டை விட்டால் எமிலியாவின் கோழி முட்டையிடாதாம்.

அனஸ்தாசியா சும்மா இருக்கவில்லை. குசினியிலிருந்து மெதுவாக, "நண்டுக் கறி ஆறுது" என்றாள். என் உடம்பு பாதி எழும்பிவிட்டது. எழும்பின பாதியை நெட்டி முறிக்கிற மாதிரி முறித்துத் திரும்பப் படுக்கப்போட்டேன். நண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனது. ஓடு உடைக்கும் சத்தம் ஒன்றுவிடாமல் எனக்குக் கேட்டது.

அதைத் தாங்கிக்கொண்டேன். நாலாம் நாள் அவள் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. ரேடியோவைத் தூக்கிக் கக்கத்தில் வைத்தாள்.

"காது கேக்காத மனுசனுக்கு ரேடியோ எதுக்கு? எமிலியா, நீ வைச்சிரு."

என்ன சொல்லித் தடுப்பேன்? செவிடன் ரேடியோவுக்கு வழக்குப் பேச ஏலுமா?

உங்களுக்குச் சொன்னால் என்ன. காலையில் ரேடியோவில் மரண அறிவித்தல் கேட்காவிட்டால் எனக்கு நாள் விடியாது. என் வயதில் தெரிந்த ஆட்களின் பெயர் வருவது அதில் மட்டும்தான். சிலாபத்தில் எனக்கு வள்ளம் செய்து தந்தவர் போனதை நான் அதில்தான் அறிந்தேன். என்னோடு தொழில் செய்த எத்தனையோ பேர் இன்னும் அதில் வர இருக்கிறார்கள். அவர்களைத் தவறவிடலாமா?

அடுத்த நாள் காலையில் எமிலியா வீட்டில் ரேடியோ பாடியது. முன் அறையில் இருந்தால் இரைச்சல் மட்டும்தான். பேர் ஊர் விளங்கவில்லை. நான் காற்று வாங்கப் போகிறவன் மாதிரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். அப்போதும் காணாது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். கடைசியில் வேலியில் தோள் முட்டியது. "அன்னாரின் நல்லடக்கம்" என்று ரேடியோ சொன்னதும் உடம்புக்கு ஒரு சுகம் வந்தது பாருங்கள்.

இரண்டு நாள் கதிரையைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தேன். மூன்றாம் நாள் இடுப்பு நொந்தது. வேலியோரமே விட்டுவிட்டேன். அனஸ்தாசியா அதைப் பார்த்தாள். நாலு கம்பை நட்டு, மேலே இரண்டு ஓலைக் கிடுகு போட்டு எனக்கு நிழல் கட்டித் தந்தாள். குடிக்கத் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்து வைத்தாள். காது போன பிறகுதான் மனுசிக்கு என்மேல் பாசம் வந்திருக்கிறது என்று கண் கலங்கினேன். முன் அறைப் பக்கம் போகவே இல்லை. கதிரையும் இல்லாத, ரேடியோவும் இல்லாத அறையில் எனக்கு என்ன வேலை?

ஒரு நாள் கொப்பியோடு வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் எமிலியா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எமிலியா, இந்தக் கிழமை மிஸ் ரெண்டு சொல் தந்தவ. ஹியர், லிசின். ரெண்டும் கேக்கிறதுதான்."

"ரெண்டும் கேக்கிறதெண்டா எதுக்கு ரெண்டு? வெள்ளைக்காரருக்கு வேற வேலை இல்லையா?"

"நானும் அதைத்தான் கேட்டன். தமிழிலயும் ரெண்டு இருக்குதாம், நாங்கதான் கவனிக்கிறதில்லையாம். 'எனக்குக் கேக்குது' எண்டா ஹியர். 'நான் கேக்கிறன்' எண்டா லிசின். காகம் கத்துறது, கடல் இரையிறது எல்லாம் தானா வந்து காதில விழும். அது ஹியர். நாமளாப் போய்ப் பொறுக்கி எடுக்கிறது லிசின்."

"அப்ப யாக்கோபு அண்ணனுக்கு?"

"ஹியர் போயிட்டுது எண்டு அவர் சொல்றார்."

"லிசின்?"

"அது கலியாணத்தண்டைக்கே இருக்கல்ல."

வேலி குலுங்கியது. என் மூக்கில் ஒரு ஈ வந்து இருந்தது. அதைக்கூட ஓட்டாமல் கிடந்தேன். ஒரே கூடை மீனை இரண்டு பெயர் சொல்லி விற்கிறார்கள் இந்த வெள்ளைக்காரர் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை வகுப்பு முடிந்து கௌசல்யா மிஸ் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டா. அறை கொடுக்கிற வீடுகளின் பேரை எழுதிக்கொடுப்பது அவதான். கையில் தாளும் பேனையும். நேரே வேலியோரம் வந்து என்னைப் பார்த்தா.

"ஐயா சம்மதமா அன்ரி?"

"இவரைக் கேக்காம நான் ஒரு கறிவேப்பிலையும் கிள்ளமாட்டன் மிஸ்."

"அப்ப கேட்டீங்களா?"

"மூண்டு கிழமையாக் கேக்கிறன். அவருக்குக் கேக்குதில்லையாம்."

"அப்ப எழுத ஏலாதே அன்ரி. வீட்டுக்காரரும் விரும்பவேணும்."

என் மனம் துள்ளியது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். அனஸ்தாசியா எனக்கு முதுகைக் காட்டி நின்று, கொடியில் துணி எடுத்துக்கொண்டே, சாதாரணக் குரலில் சொன்னாள்.

"சரி மிஸ், கடைசியா இப்பவும் ஒருக்காக் கேக்கிறன். விருப்பமில்லாட்டி அவர் வாயைத் திறந்து சொல்லட்டும். பேசாம இருந்தா, சம்மதம் எண்டு எழுதுங்க."

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வாயைத் திறந்தால் காது போகும். திறக்காவிட்டால் அறை போகும். கௌசல்யா மிஸ் பேனை மூடியைக் கழற்றினா. தாளைத் தொடையில் வைத்தா. "யாக்கோபு" என்று எழுதத் தொடங்கினா. 'யா' விழுந்தது. 'க்' விழுந்தது.

"எனக்குக் கேக்கல்ல" என்றேன்.

பேனை நின்றது.

"என்ன கேக்கல்ல ஐயா?"

"அவ கேட்டது."

"அவ என்ன கேட்டவ?"

"முன் அறையை..."

மிச்சத்தை விழுங்கினேன். வேலிக்கு அந்தப் பக்கம் அரிசி புடைக்கும் சத்தம் நின்றுபோனது.

அனஸ்தாசியா திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயம் தந்தது. துணியை மடித்துக்கொண்டே, "மிஸ், ஹியர் சுகமாயிட்டுது" என்றாள்.

இனி மறைத்து என்ன. நானும் ஆம்பிளை. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஓம், கேக்குது. எல்லாம் கேட்டது. இப்ப மிஸ்ஸுக்கு முன்னால சொல்றன். அறை தரமாட்டன். அது என்ட கதிரை இருக்கிற அறை."

"எந்தக் கதிரை?" என்றாள் அனஸ்தாசியா.

"இந்தக் கதி..."

குனிந்து பார்த்தேன். கதிரை எனக்குக் கீழே இருந்தது. வேலியோரத்தில் இருந்தது. கிடுகு நிழலில், தண்ணீர்ப் போத்தலோடு, ஆறுதலாக இருந்தது.

"ரெண்டு கிழமையா இந்தக் கதிரை இஞ்சதான் மிஸ். அவரே தூக்கிக்கொண்டு வந்தவர். முன் அறைக்கு நான் வெள்ளை அடிச்சு, கட்டில் பூட்டி, யன்னலுக்குச் சீலையும் போட்டிட்டன். இவரைக் கேக்காமச் செய்யல்ல. ஒவ்வொரு ஆணிக்கும் கேட்டன்."

சுத்தியல் சத்தம் எனக்கு ஞாபகம் வந்தது. நாலைந்து நாள் காலையில் டொக் டொக் என்று கேட்டதுதான். நான் மரண அறிவித்தல் கேட்டுக்கொண்டிருந்தபடியால் அதைக் கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் கௌசல்யா மிஸ்ஸின் பாடம் எனக்கு முழுசாக விளங்கியது.

மிஸ் போன பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"எனக்குக் காது கேக்குதெண்டு எப்ப பிடிச்சனீ?"

"கதிரை வேலிக்கு வந்த அண்டைக்கே. ஹியர் எண்டா மனுசன் இருந்த இடத்திலேயே இருப்பான். கதிரையைத் தூக்கிக்கொண்டு போனா அது லிசின்."

"பிறகேன் நிழல் கட்டித் தந்தனீ?"

"வெயில் சுட்டா நீங்க திரும்ப உள்ளுக்குப் போயிருவீங்களே."

பத்து நாளில் ஒரு வெள்ளைக்காரப் புருசனும் பெண்சாதியும் பட்டத்தோடு வந்து இறங்கினார்கள். முன் அறை யன்னலைத் திறந்து காற்றை வாங்கி, நல்லது நல்லது என்றார்கள். என் காற்று. நான் வேலியோரத்தில் கண்ணை மூடிக் கிடந்தேன். ரேடியோவில் கற்பிட்டிப் பக்கத்து ஆள் ஒருவரின் பேர் சொல்ல வாய் எடுத்தார்கள். குசினிக்குள்ளிருந்து, நண்டுக் கறி ஆறின அன்றைக்கு வந்த அதே சின்னக் குரல் வந்தது.

"தண்ணி மோட்டரைப் போடுங்க. அவங்க குளிக்கவேணும்."

எழும்பிப் போய்ப் போட்டேன். அது லிசின்.

போகும்போது வேலியின் இரண்டு பக்கத்திலும் சிரிப்புக் காதில் விழுந்தது. அது ஹியர்.